சத்தத்தோடு ஒருமுறை

நீடாமங்கலம் கேட் மூடினால்
எங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஐம்பது பேர் கிடைப்பார்கள்.
திறந்துவிட்டால்
நாங்கள் மட்டும்தான்.

மழைக்குப் பயந்து மைதான ஓரம் ஒதுங்கியிருந்த
அறுவடை வண்டியின் ஏணியில்
சைக்கிள் ட்யூபால் கட்டிய போன்.
மதுரவர்ஷினி அப்பாவுடையது, வண்டியும் போனும்.
கணுக்கால் வீங்கி ஆடாமல் இருந்தவள்
எங்கள் ஒரே கோல் வரப்போகிறதென்று
கட்டை அவிழ்த்துக் கையில் எடுத்திருக்கிறாள்.
ஆகவே கோல் விழும்போது திரையில் இருப்பது
வானம், ஒரு கொக்கு,
அப்புறம் அவள் செருப்பு.

நாகப்பட்டினத்துப் பிள்ளைகள் ஐந்து போட்டார்கள்.
வீடியோவில் நான்குதான்.
முப்பத்தோராம் நிமிடம்
யாரோ மணிக்கு எவ்வளவு வாடகை என்று கேட்க அழைத்திருக்கிறார்கள்.
மூன்று நிமிடத்தைக் காணோம்.
அந்தக் கோலுக்கு மட்டும்
ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம்.
ஆஃப்சைடு என்கிறாள் கோல்கீப்பர் ஷஃப்ரின்.
சொல்லிக்கொள்ளட்டும்.

இரவு
சங்கத்து உர மூட்டைக் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்திலிருந்து கோடு கிழித்தேன்.
சேர்ந்த பந்து. சேராத பந்து.
ஓடியவள். நின்றவள்.
ஐந்து கோட்டுக்கு ஒரு கட்டு,
நாற்றை முடிச்சாக்கி அடுக்குவதுபோல.

என் போன் கண்ணாடியின் விரிசல்
இடது ஓரமாகவே இறங்குவதால்
அபிநிலாவை வெகுநேரம் கவனிக்கவில்லை.
பந்தும் அவளிடம் வரவே இல்லை.
பந்து போகிற இடத்துக்குத்தானே கண்ணும் போகும்.
மறுபடி முதலிலிருந்து போட்டு
பிடிவாதமாக அவளை மட்டும் பார்த்தேன்.
முப்பது முறை காலி இடத்துக்கு ஓடியிருக்கிறாள்,
முப்பது முறை
வெறுங்காலோடு திரும்பி வந்திருக்கிறாள்.
தலைமடையில் புரள்கிறது,
இங்கே மடை திறந்து வைத்தவள் காய்கிறாள்.
கடைமடைக்காரி நான்,
எனக்கே இது தெரிய
இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஏன் யாரும் கொடுக்கவில்லை?
அதற்காகத்தான் சத்தம் வைத்தேன்.

முதலில் காற்று.
பிறகு நீளமாக ஒரு சரக்கு ரயில்.
ரயில் போனதும்
தொண்டை கிழிய ஒரு பொம்பளைக் குரல்.
யார் இவள், பிள்ளைகளை இப்படி,
என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

நான்தான்.

கோபிகா! கோபிகா, பின்னால பாரு! அடி!
ஏய், அடிக்காதே!
கோபிகா நிற்கிறாள்.
பந்தைக் காலில் வைத்துக்கொண்டு
என் பக்கம் திரும்புகிறாள்.
அவள் திரும்புகிற நேரத்தில்
அபிநிலா ஓடித் தீர்த்துவிடுகிறாள்.
ஜெசிந்தா! ஜெசிந்தாவும் திரும்புகிறாள்.
பெயர் சொன்னால் நிற்கிற
நல்ல பிள்ளைகள்.

நோட்டில் புதிதாக ஒரு பத்தி பிரித்து
மேலே ‘நான்’ என்று எழுதினேன்.
ஒன்பது கட்டு, உதிரி ஒன்று.
பாதி ஆட்டத்துக்கே அவ்வளவு.
மீதிக்குள் கரண்ட் போய்விட்டது,
போகட்டும் என்றிருந்தது.

காலையில்
சத்தத்தை அடைத்துவிட்டுக் காட்டலாமென்றுதான் போனேன்.
கட்டைவிரல் அந்தப் பொத்தானிலேயே இருந்தது.
சைக்கிள் ஷெட்டில்
ஒரு போனுக்கு மேல் பதினான்கு தலை,
தேங்காய் எண்ணெய் வாசம்.
வைத்துவிட்டேன், சத்தத்தோடே.

சிரித்தார்கள்.
ஷஃப்ரின் என்னைப் போலவே கத்திக் காட்டினாள்,
என்னைவிட நன்றாகவே.
அபிநிலா சிரிக்கவில்லை.
போனை வாங்கி, விரலால் பின்னுக்குத் தள்ளி
ஓரிடத்தில் நிறுத்தினாள்.
“இங்க பாருங்க மிஸ்.
நீங்க ஓடுன்னு சொல்றப்போ
நான் ஏற்கெனவே ஓடிக்கிட்டுதான் இருக்கேன்.”

அடுத்த ஞாயிறு கொரடாச்சேரியோடு ஆட்டம்.
வாயில் பனங்கற்கண்டு ஒன்றை அடக்கி,
கையைப் பின்னால் கட்டி,
கோட்டோரம் நின்றேன்.
நான்காம் நிமிடம்
அது பல்லுக்கடியில் நொறுங்கிய சத்தம்
வீடியோவில் கேட்கவில்லை.
இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.